22 டி.எம்.சி.யும் அரை பாட்டிலும்

பி.காம். படித்தவனுக்கு இயற்கையை ரசிக்கத் தெரியாது என்பது என் மனைவியின் அபிப்பிராயம். முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. அருவியைப் பார்த்தால் 'உள்ளே போக எவ்வளவு?' என்று கேட்கிற ரகம் நான். அப்படிப்பட்டவனை ஒரு செப்டம்பர் மாதம், தெற்கு ஃபிரான்ஸில், காடு மலை என்று மூன்று நாள் இழுத்தடித்தான் என் நண்பன்.

நண்பன் பாண்டிச்சேரிக்காரன். தாத்தா ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்த 'சொல்தா'. அந்தப் புண்ணியத்தில் பேரனுக்கு ஃபிரெஞ்சு பாஸ்போர்ட். மார்சேயில் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. என்னோடு தாகூர் ஆர்ட்ஸ் காலேஜ் பெஞ்சைத் தேய்த்தவன். "மச்சான், நீ வா. டிக்கெட் மட்டும் எடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான். இந்த மாதிரி வாக்கியங்களை நான் இரண்டாம் முறை சொல்ல விடுவதில்லை.

முதலில் போனது ஃபோன்டேன் த வோக்லூஸ் என்கிற கிராமம். அவினியோனுக்குக் கிழக்கே. ஆற்றங்கரையோடு நடந்தால், இருநூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஒரு சுண்ணாம்புப் பாறை. அதன் காலடியில் ஒரு குகை. குகைக்குள் பச்சையா நீலமா என்று தீர்மானிக்க முடியாத நிறத்தில் ஒரு குளம். சத்தமில்லை, சலனமில்லை.

"இதுவா ஊற்று? நம்மூர் கோயில் கிணறு மாதிரியில்ல இருக்கு!" என்றேன்.

"கோடையில் வந்தா அப்படித்தான். மார்ச் மாசம் வந்து பாரு, குகை வாய் நிரம்பி வழியும். அதோ பாறையில ஒரு அத்தி மரம் தெரியுதா? வெள்ளத்துல தண்ணி அதுவரைக்கும் ஏறும்."

கோடையிலும் தண்ணீர் நின்றுவிடவில்லை. குளத்துக்குக் கொஞ்சம் கீழே, பாறை இடுக்குகள் வழியாகக் குபுகுபுவென்று வெளியே வந்து, சோர்க் என்ற ஆறாகவே ஓடுகிறது. மலை ஓடையெல்லாம் சேர்ந்து ஆறாவதைப் பார்த்திருக்கிறேன். பிறக்கும்போதே ஆறாகப் பிறப்பதை அன்றுதான் பார்த்தேன்.

உடனே கணக்குப் போடக் கை அரித்தது. வருடத்துக்குச் சராசரியாக 63 கோடி கன மீட்டர். நம் பாஷையில் 22 டி.எம்.சி. விநாடிக்குச் சராசரி 20,000 லிட்டர். அதாவது கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு தண்ணீர் லாரி! ஃபிரான்ஸின் மிகப் பெரிய ஊற்று இதுதான்.

இதன் ஆழத்தைக் கண்டுபிடிக்கப் பலர் இறங்கினார்கள். 1946-ல் கடலாராய்ச்சிப் புகழ் ஜாக் கூஸ்டோ தன் கூட்டாளியுடன் இறங்கி, செத்துப் பிழைத்து வந்தார். குற்றவாளி தண்ணீர் இல்லை. சிலிண்டரில் காற்று அடைத்த மெஷின், தன் சொந்தப் புகையையே உறிஞ்சி உள்ளே தள்ளியிருந்தது. 1985-ல் மனிதனை விட்டுவிட்டு ஒரு குட்டி ரோபோவை அனுப்பினார்கள். அது 308 மீட்டரில் மணல் தரையைத் தொட்டது. அந்தத் தரை, கடல் மட்டத்துக்கே இருநூறு மீட்டருக்கு மேல் கீழே.

ஊற்று எப்படிக் கடலுக்கும் கீழே போகும்? அதற்குச் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுமார் 60 லட்சம் வருடத்துக்கு முன்னால் ஜிப்ரால்டர் வாசல் அடைபட்டு, மத்தியதரைக் கடல் பெருமளவு வற்றிப் போய்விட்டதாம். கடல் கீழே இறங்க, அதைத் தேடிக்கொண்டு ஆறுகளும் நிலத்தடி நீரும் பாறையைக் குடைந்து இறங்கின. பிறகு கடல் திரும்பி வந்துவிட்டது. குடைந்த வழி மட்டும் அப்படியே இருக்கிறது. (வற்றிய கடலை எந்த ஆடிட்டர் ரைட் ஆஃப் செய்தாரோ!)

இந்தக் குளத்தில் 1,600-க்கும் மேற்பட்ட பழைய நாணயங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ரோமானியர்கள் வேண்டிக்கொண்டு போட்டவை. நானும் பர்ஸைத் திறந்தேன். பத்து சென்ட் கிடைத்தது. யோசித்தேன். மூடிவிட்டேன்.

மறுநாள்தான் விஷயம்.

ஊற்றுக்குப் பின்னால் இருக்கிற வோக்லூஸ் மலைகளில் ஏறுவதாகத் திட்டம். கோடையில் இங்கே காட்டுத் தீ பயம். அபாயம் அதிகமான நாட்களில் காட்டுக்குள் விடமாட்டார்கள். காலையில் போனில் பார்த்து, "இன்னைக்குத் தடையில்லை" என்றான். கிளம்பினோம். சேன் சாத்தூர்னேன் என்ற கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறினோம். நாம் நினைக்கிற கானகம் இல்லை இது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓக் மரங்கள், முள் புதர், வெள்ளைக் கல். காலில் மிதிபடுகிற செடியெல்லாம் வாசனை. தைம், ரோஸ்மேரி. நடக்க நடக்க யாரோ மசாலா அரைக்கிற மாதிரி இருக்கிறது.

தண்ணீர்? இரண்டு பாட்டில் வாங்கினோம். ஒன்று காரிலேயே பத்திரமாக இருந்தது. "மேப்புல ஒரு ஊற்று போட்டிருக்கான் மச்சான், அங்க ரொப்பிக்கலாம்" என்றான். அந்த தைரியத்தில் பதினோரு மணிக்குள் குடித்துத் தீர்த்தோம். மிச்சம் அரை பாட்டில்.

பன்னிரண்டரைக்கு அந்த ஊற்றைக் கண்டுபிடித்தோம். ஒரு கல் தொட்டி. உள்ளே காய்ந்த இலை. அதன்மேல் ஒரு பல்லி, எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

சுண்ணாம்புப் பாறையின் குணம் அப்படி. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பெய்கிற மழையை, விரிசல் வழியாக மடக்கென்று விழுங்கிவிடும். மேலே சொட்டு நிற்காது. எல்லாம் நேற்று பார்த்த அந்த ஒரு வாய்க்குப் போய்விடும். 22 டி.எம்.சி. எங்கள் காலுக்குக் கீழேதான் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. கையில் அரை பாட்டில்.

பழைய காலத்து ஆட்டிடையர்கள் பாறையிலேயே தொட்டி வெட்டி, மழைநீரைப் பிடித்து, மேலே சாந்தில்லாமல் கல்லடுக்கிக் கூரை போட்டிருக்கிறார்கள். 'எகியே' என்று பெயர். வழியில் ஒன்று இருந்தது. அடியில் பச்சையாய்ச் சாண் தண்ணீர், அதில் நீந்துகிற ஜீவராசிகள். குடிக்கத் துணியவில்லை. கைக்குட்டையை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டோம்.

முகட்டுக்கு வந்தபோது வடக்கே மோன் வான்டூ தெரிந்தது. 1,900 மீட்டர் தாண்டிய மலை. உச்சி முழுக்க வெள்ளைக் கல், பார்த்தால் பனி என்றே நினைப்பீர்கள். 1336 ஏப்ரலில் பெட்ரார்க் என்ற கவிஞர், காட்சி பார்ப்பதற்காகவே அதில் ஏறியதாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். கூடப் போன தம்பி செங்குத்தாக நேர்வழியில் ஏறிவிட்டான். கவிஞர் சுலபமான வழி தேடித் தேடி, சுற்றிச் சுற்றிக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தார். அடிவாரத்தில் ஒரு கிழட்டு இடையன், "நானும் வயசுல ஏறினேன், சட்டை கிழிஞ்சதுதான் மிச்சம்" என்கிற ரீதியில் தடுத்தும் பார்த்திருக்கிறான்.

இதை நண்பனிடம் சுவாரசியமாகச் சொல்லிக்கொண்டே திரும்பினால், ஆள் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "தலை சுத்துதுடா."

ஒரு ஓக் மர நிழலில் படுக்க வைத்தேன். அரை பாட்டிலையும் கொடுத்தேன். போனில் சிக்னல் இல்லை. எனக்கு ஃபிரெஞ்சில் தெரிந்தது 'மெர்சி' ஒன்றுதான். மலை உச்சியில் யாருக்கு நன்றி சொல்ல? பயத்தை மறைக்க, "காலையில ஒழுங்காச் சாப்பிட்டிருக்கணும். சம்பாதிக்கிறே, வெறும் ரொட்டியைத் தின்னுட்டு வர்றியே" என்று திட்டினேன்.

கண்ணை மூடியபடியே சொன்னான்: "மூணு மாசமா வேலை இல்லடா. கம்பெனியை மூடிட்டான். கவர்மென்ட் கொஞ்சம் குடுக்குது, ஓடுது."

மூன்று நாளாக எல்லா பில்லும் அவன்தான் கட்டியிருந்தான். நானும் ஒவ்வொரு தடவையும் பர்ஸை எடுக்கத்தான் எடுத்தேன். கொஞ்சம் மெதுவாக.

"ஏன்டா சொல்லலே?"

"சொன்னா வந்திருப்பியா? அம்மாவுக்கும் தெரியாது. சொல்லிடாதே."

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தான். நேர்வழி வேண்டாம் என்று கவிஞர் பாணியில் சுற்றுவழியாக, தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கிராமத்துச் சதுக்கத்தில் ஒரு அழகான பழைய நீர்க்குழாய், சிங்க வாயிலிருந்து கொட்டியது. பாய்ந்து போய் வயிறு முட்டக் குடித்தேன். நண்பன் பின்னாலேயே வந்து, மேலே இருந்த சின்னப் பலகையைப் படித்துச் சொன்னான், "குடிக்கத் தகுதியற்ற நீர்." அடுத்த நாள் விவரம் உங்களுக்கு வேண்டாம்.

மிச்ச நாட்களுக்கு பில் என் கணக்கு. சண்டை போட்டுத்தான் கட்ட வேண்டியிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கென்று நாலு கட்டி மார்சே சோப்பு கொடுத்தான். கூட ஒரு கவரில் பணமும்.

பாண்டிச்சேரி போய்க் கொடுத்தேன். அம்மா சோப்பை மோந்து பார்த்து வைத்துவிட்டு, "வேலையெல்லாம் எப்படிப் போவுதாம் தம்பி?" என்றார்.

"நல்லா போவுதும்மா. ரொம்ப பிஸி."

அம்மா கவரை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் போன் பண்ணா பின்னாடி ஆபீஸ் சத்தம் கேக்கும். யாராவது ஃபிரெஞ்சுல கத்துவான். இப்ப மூணு நாலு மாசமா ஒரே நிசப்தமா இருக்குது தம்பி. அவன் அனுப்பறதை நான் தொடறதில்லை, தபாலாபீஸ்ல அவன் பேர்லயே போட்டு வர்றேன்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

பிறகு காபி போட உள்ளே போனார்.