தெருவுக்காக நடந்த சண்டைக்கு மதத்தின் பெயர்

"உள்ளதைத்தானே சொல்கிறோம், அதில் என்ன தப்பு?" குண்டு வெடித்தாலும் ஊர் எரிந்தாலும் முதலில் ஒரு மதத்தின் பெயரைச் சொல்கிறவர்கள், ஏன் என்று கேட்டால் தரும் பதில் இது. மதத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் நடந்தது விளங்கிவிடும் என்ற நம்பிக்கை டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை பரவிக் கிடக்கிறது. அது தவறு என்று காட்ட வெகுதூரம் போக வேண்டாம். கழுகுமலைத் தேர்வீதி போதும்.

1895 ஏப்ரல். பங்குனித் திருவிழா நேரம். கிறிஸ்தவர்களுக்கு அது குருத்தோலை ஞாயிறு. தேர்வீதியில் கத்தோலிக்கர்களின் ஜெபக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த பந்தல், தேர் போக இடைஞ்சல் என்று தகராறு கிளம்பியது. எட்டயபுரம் ஜமீனின் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். வீடுகள் எரிந்தன. பல உயிர்கள் போயின. இந்துத் தேர், கிறிஸ்தவப் பந்தல், கொலை. இந்த அளவில் கேட்டால் யாரும் மதக்கலவரம் என்றுதான் எழுதுவார்கள்.

அந்தப் பந்தல் அங்கே எப்படி வந்தது என்று கேட்டால் கதையே மாறிவிடுகிறது. ஜெபக்கூடத்துக்காரர்கள் அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை கழுகாசலமூர்த்தி என்ற அவ்வூர் முருகனைக் கும்பிட்ட நாடார்கள். தேர்வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமையைக் கேட்டார்கள். அந்த வீதிகள் கோயிலைச் சேர்ந்தவை, நீங்கள் அவற்றில் போகக்கூடாது என்றது கோயில் நிர்வாகம். அந்த நிர்வாகம் எட்டயபுரம் ஜமீன் கையில் இருந்தது. வழக்காடியும் நாடார்களுக்கு வழி பிறக்கவில்லை. அதன் பிறகுதான் அவர்களில் ஒரு பகுதியினர் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். அந்தக் கொலைக்கு நான் நியாயம் சொல்லவில்லை. சண்டை எதற்காக நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதற்காக அது நடந்தது.

நான்கு வருஷம் கழித்து, 1899 ஜூனில் சிவகாசி எரிந்தது. அங்கே நாடார்கள் கேட்டது சிவன் கோயிலுக்குள் போகும் உரிமை. கேட்டவர்களும் இந்துக்கள், தடுத்தவர்களும் இந்துக்கள். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதிலும் கிறிஸ்தவம் எங்கும் இல்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலித் மக்களோடு ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு நுழைய 1939 வரை ஆனது. இத்தனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கழுகுமலையில் நடந்ததற்கு மதம் காரணம் என்று சொல்ல எப்படி மனசு வரும்?

மீனாட்சிபுரத்துக்கும் இதே அநியாயம் நடந்தது. தென்காசிப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. உடனே தேசம் முழுக்க ஒரே பேச்சு: வளைகுடாப் பணம். தலைவர்கள் வரிசையாக வந்து போனார்கள். அந்த மக்கள் சொன்ன தீண்டாமையும் காவல்துறையின் கெடுபிடியும் அந்தப் பேச்சுக்குள் அமுங்கிப் போயின. பணத்துக்கு விலைபோனவர்கள் என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அவர் குறையைக் கேட்க வேண்டிய பொறுப்பு நமக்கு இல்லாமல் போகிறது. அந்தச் சொல்லின் வேலையே அதுதான்.

நம் பத்திரிகைகள் செய்யும் இன்னொரு காரியம் எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. சாதியின் பேரால் வெட்டு விழுந்தால் "இரு பிரிவினரிடையே மோதல்" என்று எழுதுவார்கள். வெட்டியவர் பிரிவும் தெரியாது, வெட்டுப்பட்டவர் பிரிவும் தெரியாது. 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸார் புகுந்து தலித் மக்களின் வீடுகளைச் சூறையாடினார்கள். அதையும் சாதிக்கலவரம் என்ற பொதுக் கணக்கில் சேர்த்தாயிற்று. அங்கே எல்லாவற்றையும் மூடிவைக்கிற அதே பேனா, குற்றவாளி முஸ்லிமாக இருந்தால் முதல் வரியிலேயே மதத்தை எழுதுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் கொள்கை என்றால் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டாமா?

1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். மன்னிக்க முடியாத கொடுமை அது. செய்தவர்கள் அல் உம்மா என்ற அமைப்பினர், நீதிமன்றம் தண்டித்தது. அமைப்பின் பெயர் தெரியும், ஆட்களின் பெயர் தெரியும். அதற்கு மேல் கோட்டைமேட்டில் கடை வைத்திருக்கும் பாயின் மதத்தையும் சேர்த்துச் சொல்வதால் என்ன புது உண்மை கிடைக்கிறது? குண்டுவெடிப்புக்கு இரண்டரை மாதம் முன்பு, 1997 நவம்பர் இறுதியில், ஒரு போலீஸ்காரர் கொலையுண்ட பின் வந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஒன்று மற்றொன்றை நியாயப்படுத்தாது. ஆனால் இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது.

குண்டு வைத்தவனே மதத்தைச் சொல்லித்தானே வைத்தான் என்று கேட்பார்கள். ஆமாம், சொன்னான். ஒரு சமுதாயம் முழுக்கத் தன் பின்னால் நிற்கிறது என்று காட்டிக்கொள்வது அவனுக்குத் தேவை. நாம் ஏன் அதற்கு ஒத்து ஊத வேண்டும்? 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்கு நாம் ஓர் இயக்கத்தின் பெயரைத்தான் சொன்னோம். கொன்றவர்கள் என்ன சாமி கும்பிட்டார்கள் என்று தேடவில்லை. அது சரி. ஆனால் அதன் பிறகு முகாம்களில் இருந்த ஈழத்து அகதிகளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தோம். அது தவறு.

பயங்கரவாதி என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1979-இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை தமிழ் இளைஞர்களைக் குற்றச்சாட்டே இல்லாமல் உள்ளே வைத்தது! இங்கே கலிங்கப்பட்டிக்காரர் வைகோ, 2002-இல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசிய ஒரு பேச்சுக்காகப் பொடா சட்டத்தில் 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். வெறும் பேச்சு ஆதரவு பயங்கரவாதக் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2003 டிசம்பரில். இத்தனை பட்டும் அதே சொல்லை இன்னொருவர் மேல் எறிய நமக்குக் கை கூசவில்லை.

முற்போக்குப் பேசுகிறவர்களையும் விட மாட்டேன். நெற்றியில் திருநீறு இட்ட எவரையும் சங்கி என்பதும் இதே வேலைதான். "மதநல்லிணக்க பூமி" என்று மேடையில் புகழ்வதும் கூடத்தான். கழுகுமலையில் சமணச் சிற்பமும் வெட்டுவான் கோயிலும் ஒரே மலையில் இருக்கின்றன, கீழே முருகன் கோயிலும் மாதா கோயிலும் இருக்கின்றன என்று பெருமை பேசிவிட்டு 1895-ஐ விழுங்கிவிடுகிறார்கள்.

2020 ஏப்ரலில் "கொரோனா ஜிகாத்" என்று வடக்கே கூச்சல் கிளம்பி, காய்கறி விற்ற முஸ்லிம்களைத் தெருவுக்குள் விடாமல் விரட்டினார்கள். தமிழக சுகாதாரத் துறையோ தப்லீக் ஜமாத்தின் டெல்லி மாநாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதை நிறுத்தி, "ஒரே இடத்திலிருந்து பரவியது" என்று அறிவிக்கத் தொடங்கியது. எத்தனை பேருக்குத் தொற்று, எந்த மாவட்டத்தில், யாரைத் தேட வேண்டும் என்ற ஒரு விவரமும் அதனால் குறையவில்லை. அன்று ஓர் அரசு அலுவலகத்தால் முடிந்தது இன்று நம் செய்தியாளர்களாலும் வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்களாலும் முடியும். யார் அடித்தான், யாரை அடித்தான், எந்தத் தகராறில் அடித்தான் என்று எழுதுங்கள்.