ஆடி முடித்தவர் பேசட்டும்

‘முடித்துவிட்டேன்!’

நம் விடுதிகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. தேர்வுப் பாடத்தை முடித்தவரின் குரல் என்று எண்ணிவிட வேண்டாம். கணினியிலோ கைப்பேசியிலோ ஓர் ஆட்டத்தை இறுதிவரை ஆடி முடித்த மாணவரின் வெற்றி முழக்கம் அது. உடனே கேள்விகள் பிறக்கும். எத்தனை மணி நேரம் பிடித்தது? கடைசிப் பகைவனை எத்தனையாவது முறையில் வீழ்த்தினாய்? என்ன விலைக்கு வாங்கினாய்? விடை கிடைத்ததும் பேச்சு அடங்கிவிடும். அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

திரைப்படம் பார்த்துத் திரும்பும்போது நாம் இப்படியா இருக்கிறோம்? உணவுக்கூடத்தில் தொடங்கும் வாதம் மாடிப்படியில் வளர்ந்து, நள்ளிரவில் அறை வாயிலில்தான் முடிகிறது. நாவலுக்கு மதிப்புரை எழுத இந்த ஏட்டில் இடம் உண்டு, நாடகத்துக்கு உண்டு, கிரிக்கெட் போட்டிக்குங்கூட உண்டு. இருபது மணி நேரம், முப்பது மணி நேரம் நம் கண்ணையும் கையையும் கருத்தையும் ஆட்கொண்ட ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஒரே ஒரு சொல்: முடித்துவிட்டேன். இது முறையா?

முறை அன்று என்பதே என் துணிபு. ஆடி முடித்தவர் பேச வேண்டும், எழுத வேண்டும், நம் தமிழ் மன்றத்தில் பேச வேண்டும், நம் ஏட்டில் எழுத வேண்டும். இதை நண்பர்கள் சிலரிடம் கூறியபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. ‘ஆட்டத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?’ என்றார் ஒருவர். ‘இருக்கும் பித்து போதாதென்று மன்றமும் அதற்குத் தூபம் போடுவதா?’ என்றார் மற்றொருவர். இரண்டும் எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சென்ற விடுமுறையில் நான் முடித்த ஆட்டங்களுள் ஒன்று ‘பேப்பர்ஸ், பிளீஸ்’. லூக்காஸ் போப் என்பவர் 2013இல் வெளியிட்டது. இதில் வாள் இல்லை. துப்பாக்கிப் போரும் பெரிதாக இல்லை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நாம் ஓர் அலுவலர். வருவோரின் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். தேதி, பெயர், ஊர், முத்திரை எல்லாம் ஒத்திருந்தால் விட வேண்டும். இல்லையேல் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பேரைச் சரியாகத் தீர்த்தோமோ அத்தனைக்குத்தான் கூலி. அந்தக் கூலியில்தான் வீட்டு வாடகை, உணவு, குளிருக்குக் கணப்பு, நோயாளிக்கு மருந்து எல்லாம். நாளுக்கு இரண்டு பிழைகள் வரை எச்சரிக்கையோடு போகும். அதற்கு மேல் கூலியில் பிடித்தம்.

ஒரு நாள் ஒருவர் வருகிறார். அவருடைய தாள்கள் சரியாக உள்ளன. உள்ளே செல்லுமுன், ‘அடுத்து வருபவள் என் மனைவி, இரக்கம் காட்டுங்கள்’ என்கிறார். மனைவி வருகிறாள். அவளிடம் நுழைவுச் சீட்டு இல்லை. என்ன செய்வது? நான் அவளை உள்ளே விட்டேன். அன்று என் கணக்கில் எச்சரிக்கைக்கு இடம் இருந்தது. அதே ஆட்டத்தை முடித்த என் அறைத்தோழர் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘என் வீட்டில் பிள்ளைக்கு நோய்; நான் யாருக்கு இரக்கம் காட்டுவது?’ என்று கேட்டார். அன்றிரவு எங்களுக்குள் நடந்த வாதம் ஓர் அரசியல் வகுப்புக்கு ஈடாகும். சட்டம் பெரிதா, மனிதன் பெரிதா என்பதோடு அது நிற்கவில்லை. எச்சரிக்கைக்கு இடம் இருந்ததால் காட்டிய இரக்கம் உண்மையில் இரக்கந்தானா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் முழு விடை இல்லை.

தோழர்களே, இங்கேதான் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நாவலைப் படித்தவர் கதைமாந்தர் செய்ததைப் பற்றிப் பேசுகிறார். ஆட்டத்தை முடித்தவரோ தான் செய்ததைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. நூறு பேர் படித்தாலும் நாவலின் பக்கங்கள் ஒன்றே. இந்த ஆட்டத்துக்கோ இருபது முடிவுகள். நானும் என் அறைத்தோழரும் முடித்தது ஒரே பெயருள்ள ஆட்டந்தான். ஆனால் ஒரே கதை அன்று. அவர் வந்த வழியை அவர் சொன்னாலன்றி நான் அறிய இயலாது. ஆகவே, பேச என்ன இருக்கிறது என்பவருக்கு என் விடை இது: நாவலைவிட, திரைப்படத்தைவிட, பேசியே தீர வேண்டிய கலை இது.

கலையா என்று புருவம் உயர்த்துவோர் உண்டு. அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் 2010இல், வீடியோ ஆட்டங்கள் ஒருநாளும் கலையாக மாட்டா என்று எழுதினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்கள் கழித்து, தம் கொள்கையை அவர் விட்டுவிடவில்லையாயினும், ஆட்டங்களைப் பழகிப் பாராமல் அவ்வாறு எழுதியிருக்கலாகாது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை பாராட்டுக்குரியது. அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஆடாதவர் தீர்ப்புக் கூறுவது தவறென்றால், ஆடியவர் வாய்மூடி இருப்பது மட்டும் சரியாகுமா?

2017இல் வந்த ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ என்னும் ஆட்டத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டனர் என்பதே கதை. அதில் லூயிஸ் என்னும் இளைஞன் மீன் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறான். ஆடுபவர் ஒரு கையால் மீனை எடுத்து, தலையை வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மறு கையால் அவனுடைய கற்பனை நாட்டில் அவனை நடத்திச் செல்ல வேண்டும். கற்பனை வளர்ந்து வளர்ந்து திரை முழுவதையும் மூடுகிறது. மீன் வெட்டும் கையோ தன்னை அறியாமல் வெட்டிக்கொண்டே இருக்கிறது. மனம் ஓரிடம், கை ஓரிடம் என்று வாழும் தொழிலாளியின் துயரத்தை எழுத்தாளர் சொல்லால் உணர்த்துவார். இங்கே நம் கைகளே அதை உணர்ந்துவிடுகின்றன.

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ 2018இல் வந்தது. இதுவும் லூக்காஸ் போப்பின் படைப்பே. 1802இல் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு மறைந்த ஒரு வணிகக் கப்பல், 1807இல் ஆளின்றி இங்கிலாந்துக் கரைக்குத் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குக்காக, கப்பலில் இருந்த அறுபது பேருக்கும் என்ன நேர்ந்தது என்று நாம் எழுதித் தர வேண்டும். உடையைப் பார்த்து, பேசும் மொழியைக் கேட்டு, படுக்கும் தொங்கு கட்டிலின் எண்ணைக் கண்டு, இவர் இன்னார் என்று துணிய வேண்டும். அந்த அறுபதின்மருள் இந்திய மாலுமிகளும் உண்டு. கம்பெனியின் வரலாற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நமக்கு, கம்பெனிக்கு உழைத்தவனின் முகத்தைத் தேடிப் பெயர் பொருத்தும் வேலை புதியது. வரலாறு பயிலும் நண்பர் ஒருவர் இதை ஆடி, நம் ஏட்டில் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி, இரண்டாம் மறுப்பு. பித்து என்பது பொய்யன்று. ஆட்டத்தின்மேல் கட்டுப்பாடு இழந்து, மற்ற கடமைகளை எல்லாம் பின்தள்ளி, கேடு வருவதைக் கண்டும் தொடர்ந்து ஆடும் நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சேர்த்தது; அப்பட்டியல் 2022 முதல் நடப்புக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால், பித்துக்கு மருந்து வாய்மூடலா? வாய் திறத்தலா?

நம் பாட்டிமார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடினர். ஏணி உண்டு, பாம்பு உண்டு. ஆயினும் உச்சியில் ஒரு கட்டம் உண்டு. அதை அடைந்தால் ஆட்டம் முடிந்தது, பலகையைச் சுருட்டிவிடலாம். இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் அந்த உச்சிக் கட்டமே இல்லை. இன்று வந்தால் ஒரு பரிசு. நாளை வராவிட்டால் அது போயிற்று. பருவந்தோறும் புதுப் படிநிலை. பருவம் முடிந்தால் மீண்டும் கீழிருந்து ஏற்றம். முடியாமல் இருப்பதே அவற்றின் வாணிகம். நண்பர்களோடு சேர்ந்து அவற்றை ஆடும் இன்பத்தை நான் இகழவில்லை. ஆயினும் ‘முடித்தேன்’ என்று சொல்ல இயலாத ஆட்டத்துக்கும், சொல்ல இயலும் ஆட்டத்துக்கும் உள்ள வேற்றுமையை நாம் உணர வேண்டாவா?

முடித்ததைப் பற்றிப் பிறரிடம் பேசும் பழக்கம் இதற்கு நல்லதோர் உரைகல். நூறு மணி நேரம் ஆடியபின், என் நண்பனிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஒரு கதை உண்டா? ஒரு மனிதர் உண்டா? விடாமல் துரத்தும் ஒரு கேள்வி உண்டா? படிநிலை எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால், அந்த நூறு மணி நேரத்தை யார் கொண்டுபோனார் என்று எண்ணிப் பார்க்கலாம். விடுதிக் காப்பாளர் அறிவுரை கூறுவதைவிட, இந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்வது மேலானது.

பேசுவது என்றால் புகழ்வது அன்று. புனே நகரத்து நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தார் 2020இல் ‘ராஜி’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடிச் செல்லும் பெண்ணின் கதை. கோட்டைகளும் சுவரோவியங்களும் கண்ணுக்கு விருந்து. ஆனால் கதை ஏறிவந்த வேகத்தில் சட்டென்று அறுந்துவிடுகிறது. போர்க் காட்சிகள் விரைவிலேயே சலிக்கின்றன. நம் நாட்டார் செய்தது என்பதற்காக இக்குறைகளை விழுங்கிவிடுவது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி ஆகாது. குறையைக் குறையென்று காட்டும் வாசகர் உள்ள மொழியில்தான் நல்ல நாவல் பிறக்கும். ஆட்டத்துக்கும் அதுவே விதி.

இறுதியாக, ஏன் தமிழில்? இதற்கு விடையாக ஓர் ஆட்டமே இருக்கிறது. 2023இல் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’. தமிழ்நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று எண்ணி அடுக்க வேண்டும். கறை படிந்து, எழுத்து மறைந்துபோன குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க வேண்டும். வளர்ந்த மகன் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கும்போது, அதிலுள்ள தமிழ் அவனுக்கு அரைகுறையாகவே புரிகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்குச் சிறந்த அறிமுக ஆட்டத்துக்குரிய விருதை அளித்தது.

தமிழ்த் தாய் ஒருத்தியின் அடுப்பங்கரை உலக மேடை ஏறிவிட்டது. ஆனால் நம் வளாகத்தில் அதைப் பற்றி எழுந்த பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது! தமிழை மறந்த கவினுக்காகக் கண் கலங்கியவர்களும் அந்தக் கலக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னார்கள். வீட்டை விட்டு ஆயிரம் கல் தொலைவில் படிக்க வந்திருக்கும் நமக்கு, கவின் யாரோ ஒருவன் அல்லன்.

சொற்கள் இல்லையே என்பர். திரைப்படம் வந்த நாளில் அதைப் பற்றிப் பேசவுந்தான் சொல் இல்லை. பேசினார்கள், எழுதினார்கள், இயக்குநர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் வந்தன. சொல்லைச் செய்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்கிய மொழி எதுவும் இல்லை. பேசும் வாயில்தான் சொல் பிறக்கும். ‘லெவல்’ என்று எழுதினாலும் குற்றமில்லை. நிலை என்று எழுதினாலும் நன்று. எழுதாமல் இருப்பதுதான் குற்றம்.

ஆகவே மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் இது. ஏட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் ஒரு மாலை கூடுவோம். முடித்தவர் மட்டும் பேசட்டும். பாதியில் நிறுத்தியவர், ஏன் நிறுத்தினேன் என்று சொல்லட்டும். மணிக்கணக்கு வேண்டா. ஆட்டம் என்ன கேட்டது, நான் என்ன செய்தேன், அது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்ற மூன்றும் போதும். ஆடாதவர் முன்னே முடிவை அவிழ்க்க வேண்டுமானால், முன்கூட்டியே சொல்லிவிட்டு அவிழ்க்கட்டும். ஆடாதவரும் வந்து கேட்கலாம். கேள்வி கேட்க அவரைவிடத் தக்கவர் யார்?

செலவிட்ட நேரம் திரும்பி வாராது. அதில் பெற்றதைப் பகிர்ந்துகொண்டால் நேரமாவது பயனுறும், மொழியும் வளரும். அடுத்த முறை ஒரு நண்பர் ‘முடித்துவிட்டேன்’ என்றால், எத்தனை மணி நேரம் என்று கேளாதீர்கள். ‘உட்காருங்கள், சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.