வாசிப்பதற்குப் பட்டம் உண்டு, செய்வதற்கு?



வினாவிடைப் பகுதிக்குள் நுழையுமுன் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பரீட்சைக்கு வராத விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்டுரை எழுதுவதற்கும் இது உதவும். பெறுபேறு வெளிவந்த மறுநாள் என்ன செய்வது என்று யோசிப்பதற்கும் உதவும்.

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், "சேர், கிட்டார் செய்யவும் திருத்தவும் படிக்கிறதுக்கு கெம்பஸ் இருக்கா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. கிட்டார் வாசிக்கப் படிக்கலாமா என்று அவன் கேட்டிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். மேலைத்தேய சங்கீதம் பாடமாக உண்டு. கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கர்நாடக சங்கீதத்துக்குப் பட்டம் உண்டு. கருவியை மீட்டுபவர் கலைஞர், கருவியைச் செய்பவர் வெறும் தச்சர் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இப்பிரிவு சரியானதன்று என்பதே என் கருத்து.

கைவேலைக்குள் இருக்கும் கணிதம்

கிட்டார் ஒன்றின் கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளைப் பாருங்கள். அவை சம இடைவெளியில் இல்லை. உடலை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்குகின்றன. அதிரும் தந்தியின் நீளம் 650 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். அதனை 17.817ஆல் வகுத்தால் முதற் கம்பியின் இடம் கிடைக்கும்: ஏறத்தாழ 36.5 மி.மீ. மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த இடைவெளி ஏறத்தாழ 34.4 மி.மீ. இவ்வாறு பன்னிரண்டாவது கம்பிக்கு வரும்போது நீளம் சரிபாதியாகி 325 மி.மீ. ஆகும்; சுரம் ஒரு தானம் உயரும். தரம் 11இல் நீங்கள் கற்கும் பெருக்கல் விருத்தியே இது. பௌதிகவியல் மாணவர் ஆய்வுகூடத்தில் சுரமானியை வைத்துப் படிப்பதும் இதே தந்தியைத்தான்.

உருக்குத் தந்தி பூட்டிய கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. மூன்று மில்லிமீற்றர் அளவே தடிப்பமான முகப்பலகை அந்த இழுவையைத் தாங்கவும் வேண்டும், அதேவேளை தாராளமாக அதிரவும் வேண்டும். தடித்தால் ஒலி மங்கும். மெலிந்தால் பலகை வளையும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கைவினைஞரின் அறிவு. இன்றைய கிட்டாரின் வடிவத்தை நிலைநாட்டிய ஸ்பானியர் அன்டோனியோ டி தொறஸ் தொழிலால் தச்சர். 1862இல் அவர் முதுகையும் பக்கங்களையும் கடதாசி மட்டையால் அமைத்து, முகப்பலகையை மாத்திரம் நல்ல மரத்தில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். ஒலிக்கு முதன்மையானது முகப்பலகையே என்பதைக் காட்டுவதே நோக்கம். இதனை ஆய்வு என்று சொல்லாமல் வேறு எவ்வாறு சொல்வது?

நமது முன்னோடிகள்

இது வெளிநாட்டார் விடயம் என்று எண்ண வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். வழக்கொழிந்துபோன பண்டைய யாழ் வகைகளின் அமைப்பையும் சுரத் தானங்களையும் இலக்கியச் சான்றுகளாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். செய்யும் மரபு அறுந்துபோன ஒரு கருவியை மீட்பதற்கு ஒரு பேராசிரியரின் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமனும் 1920இல் மிருதங்கம் பற்றியும் 1921இல் வீணை, தம்புரா பற்றியும் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

தஞ்சாவூரில் பலா மரத்தில் வீணை செய்வோரின் கைத்திறனுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் கிடைத்தது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் புவிசார் குறியீடு பெயரைத்தான் காக்கும்; கைகளைக் காக்காது. தந்தைக்குப் பின் மகன் அத்தொழிலுக்கு வராவிட்டால் அறிவும் அவருடனேயே போய்விடும். குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரும் வந்து கற்பதற்கு ஒரு வாயில் வேண்டும். இத்தாலியின் கிரெமோனா நகரில் 1938 முதல் வயலின் செய்யக் கற்பிக்கும் பாடசாலை இயங்கி வருகிறது. இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் 1972இல் தொடங்கிய வயலின் பாடசாலையைத் தொடர்ந்து கிட்டார், பியானோ முதலியவற்றைச் செய்தலும் திருத்தலும் பட்ட மட்டம் வரை கற்பிக்கப்பட்டன.

நமக்கு ஏன் வேண்டும்?

முதலாவது, காலநிலை. களனி கங்கை கடலில் விழும் முகத்துவாரத்தில் உப்புக் காற்று தந்தியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. கிட்டாருக்கு உகந்ததாகக் கூறப்படும் சாரீரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வரையாகும்; கொழும்பில் அது பெரும்பாலும் 70ஐத் தாண்டி நிற்கும். மரம் ஊதுகிறது, ஒட்டு விடுகிறது. தேவாலயப் பாடகர் குழு முதல் கலியாண வீட்டு பைலா வரை கிட்டார் ஒலிக்கும் பகுதி இது. நமது காற்றுக்கேற்ற பசை எது, மரம் எது என்பதை நாமே ஆராய வேண்டும்.

இரண்டாவது, மரம். கிட்டாருக்கு விரும்பப்படும் ஈட்டி முதலான மரங்களின் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் சமவாயத்தால் 2017இல் கட்டுப்படுத்தப்பட்டது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த 2019 மாநாடு கொழும்பிலேயே நடைபெற இருந்தது. நமக்கு அருகிலுள்ள கொச்சிக்கடை உட்படப் பல இடங்களில் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. மரத்தை அறிவதோடு சட்டத்தையும் அறிந்தவரே இனி இத்தொழிலில் நிலைக்கலாம்.

மறுப்பும் விடையும்

"கைத்தொழிலைப் பட்டமாக்கினால் கை மறந்து கடதாசி மட்டும் மிஞ்சும்" என்பர் சிலர். இந்த அச்சம் நியாயமானது. குறிப்பை மனனம் செய்து சித்தியடையும் பழக்கத்தை என் வகுப்பிலேயே நாளாந்தம் காண்கிறேன். ஆகவே இத்தகைய கற்கையில் பாதி நேரமாவது பட்டறையில் கழிய வேண்டும். மாணவர் செய்த கருவியே அவரது விடைத்தாளாக வேண்டும். சான்றிதழ் இல்லாத மூத்த கைவினைஞர் அங்கே ஆசிரியராக அமர வேண்டும். பட்டம் இல்லை என்று அவரை வாசலில் நிறுத்தினால் அந்தப் பட்டத்துக்குப் பொருளில்லை.

"எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?" என்பது அடுத்த கேள்வி. பலருக்குக் கிடைக்காது என்பது உண்மை. அதனால்தான் பெரிய பீடம் ஒன்றை நான் கேட்கவில்லை. நம் நாட்டில் தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் வாழ்க்கைத்தொழில் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் அமைக்கப்பட்டது. ஏணி இருக்கிறது; இசைக்கருவித் தொழிலை அதன் கீழ்ப்படியில் வைத்துப் படிப்படியாக ஏற்றலாம். விபுலாநந்தரின் பெயரைத் தாங்கிய மட்டக்களப்பு நிறுவகத்தில் பத்துப் பேருக்கு ஒரு பட்டறை தொடங்கினாலும் அவருக்குச் செய்யும் நல்ல நினைவாக அமையும்.

மாணவர்களே, இங்கு கிட்டார் ஓர் உதாரணம் மட்டுமே. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தித் துறைமுக வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகும் பிள்ளைகளிற் பலர் கைத்திறன் மிக்கவர்கள். "உனக்குப் படிப்பு ஏறாது" என்ற ஒரே வார்த்தையில் அவர்களை வெளியே தள்ளிவிடுகிறோம். செய்யத் தெரிந்தவனின் அறிவையும் அறிவு என்று மதிக்கும் நாளில்தான் கல்வி முழுமை பெறும். உங்களில் எவருக்கேனும் அத்தகைய விருப்பம் இருப்பின் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கைவிடாதீர்கள். விடுமுறையில் நல்ல தச்சர் ஒருவரிடம் உளி பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் உள்ளவருக்கு எந்த வாயில் திறந்தாலும் நுழைய முடியும்.

பயிற்சி: "கைத்தொழிலும் உயர்கல்வியே" என்னும் தலைப்பில் 250 சொற்களுக்கு மேற்படாமல் ஒரு கட்டுரை எழுதுக. உமது கருத்துக்கு எதிரான ஒரு வாதத்தையும் எடுத்துக் கூறி அதற்கு விடையளிக்குக.