ரெம் மாற்றுவதும் வியாபாரியின் வேலைதான்

எனது வாப்பா முப்பது வருடங்களுக்கு மேலாகப் புடைவைக் கடை நடத்தியவர். சில நாட்களில் லாச்சிச் சாவியைக் கூடக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு லுஹர் தொழப் போய்விடுவார். ஆனால் கடன் கொப்பியை மாத்திரம் எவரிடமும் கொடுக்க மாட்டார். யார் எவ்வளவு தர வேண்டும், யார் எத்தனை மாதமாக இழுத்தடிக்கிறார், புறக்கோட்டையில் எந்த மொத்த வியாபாரிக்கு நாம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தன. "காசு போனா உழைக்கலாம். கொப்பி போனா ஊர் முகத்தில முழிக்க ஏலாது" என்பார்.

அப்படிப்பட்டவரின் மகனாகிய நான், அந்தக் கடன் கொப்பியை முன்பின் அறியாத ஒருவரிடம் மூன்று நாட்கள் கொடுத்து வைத்திருந்தேன். அதுவும் சாவியோடு சேர்த்து.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். புடைவைக் கடைக்காரனுக்கு அதைவிடப் பெரிய வாரம் இல்லை. அதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போது எங்கள் பில் போடும் லெப்டொப் படுத்துவிட்டது. முற்றாகச் சாகவில்லை. ஒரு பில் போட இரண்டு நிமிடம், இருப்புப் பார்க்க மூன்று நிமிடம். கவுன்டரில் ஆட்கள் நெருக்குகிறார்கள், திரையில் வட்டம் சுற்றுகிறது. பிள்ளைகளின் உடுப்பைக் கையில் வைத்திருந்த ஒரு தாய், அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

அன்றிரவே அதை நகரத்தில் ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். மூன்று நாட்கள் கழித்து, "முதலாளி, இது பழைய மெஷின். இனி இதுக்குச் செலவழிக்கிறது வீண். புதுசு ஒண்டு எடுங்க" என்று சொல்லி, புதிய லெப்டொப் ஒன்றின் விலையையும் ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். நானும் எடுக்கத்தான் இருந்தேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் மருமகன்தான் தடுத்தான். "மாமா, எடுக்க முந்தி ஒருக்காப் பாப்பமே" என்றான். கீபோர்டில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினான். டாஸ்க் மெனேஜர் திறந்தது. அதில் பெர்ஃபோமன்ஸ், பிறகு மெமரி. நான்கு ஜீபி ரெம்மில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிரம்பியிருந்தது. கீழே சிறிய எழுத்தில் இன்னொரு தகவல்: ரெம் செருகும் இடங்கள் இரண்டு, பாவனையில் இருப்பது ஒன்று. அதாவது ஓர் இடம் வாங்கிய நாள் முதல் காலியாகவே கிடந்திருக்கிறது.

எட்டு ஜீபி ரெம் ஒன்று வாங்கி வந்தான். எங்கள் வீட்டு மேசையில் வைத்து இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. புதிய லெப்டொப்புக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு கூடச் செலவாகவில்லை. பெருநாள் வியாபாரம் முழுவதும் அதே லெப்டொப்பில்தான் நடந்தது.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. என்னை உறுத்தியது மிச்சம் பிடித்த காசும் அல்ல. அந்த மூன்று நாட்கள்தான். வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் பாக்கி, எமது கொள்வனவு விலை, வங்கி விபரம் எல்லாம் திறந்த வீடாகக் கிடந்தன. அந்தக் கடைக்காரர் எதையும் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்றுதான் சொல்கிறேன். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று எமது பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய விடயமா இது? நம்பிக் கடன் வாங்கியவரின் மானமும் அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது?

ரெம் என்பது என்ன?

புடைவைக் கடைக் கணக்கில் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க் என்பது மாடியிலுள்ள களஞ்சியம். ரெம் என்பது கவுன்டர் மேசை. மேசை பெரிதாக இருந்தால் பத்துச் சுருள் துணியை ஒன்றாக விரித்துக் காட்டலாம். மேசை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சுருட்டி மாடிக்கு அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். பில் மென்பொருள், இணையம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கும்போது நான்கு ஜீபி லெப்டொப் இப்படித்தான் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக் களைத்துப்போகிறது. மெஷினில் கோளாறு இல்லை. மேசைதான் போதவில்லை. இன்று கடை வேலைக்கு எட்டு ஜீபி என்பது குறைந்த அளவு. பெரிய எக்ஸெல் கணக்குகளோடு புழங்குபவர்களுக்குப் பதினாறு நல்லது.

வாங்க முன்னர்

முதலாவது, உண்மையில் ரெம்தான் குறையா என்று பார்க்க வேண்டும். இதில் நானே கைசுட்டவன். முதல் வெற்றியின் துணிச்சலில், களஞ்சியத்திலிருந்த இரண்டாவது லெப்டொப்புக்கும் எதையும் பாராமல் ரெம் வாங்கிப் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பிறகு பார்த்தால் அதில் மெமரி பாதிதான் நிரம்பியிருந்தது. டிஸ்க்தான் நூற்றுக்கு நூறில் நின்றது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை அகற்றி எஸ்எஸ்டி ஒன்று போட்ட பிறகுதான் அது ஓடியது. வாங்கிய ரெம்மைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பிழை என்னுடையது. எனவே வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் டாஸ்க் மெனேஜரைத் திறந்து, நிரம்புவது மெமரியா டிஸ்க்கா என்று ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்.

இரண்டாவது, ரெம் மாற்றக்கூடிய மெஷினா என்று பார்க்க வேண்டும். மெல்லிய லெப்டொப்கள் பலவற்றில் ரெம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எல்பீடீடீஆர் என்று குறிப்பிட்டிருந்தால் அநேகமாக அந்த வகைதான். எப்பிளின் புதிய மெக்புக் எதிலும் ரெம்மை மாற்ற முடியாது. ஆனால் எமது கடைகளில் அதிகம் பாவனையிலுள்ள, அலுவலகங்களில் பாவித்து வரும் திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் வகைகளில் பலவற்றில் மாற்றலாம். இந்தக் கம்பனிகள் ஒவ்வொரு மாதிரிக்கும் கழற்றிப் பூட்டும் முறையைப் படத்தோடு விளக்கும் கையேட்டைத் தமது இணையத்தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. லெப்டொப்பின் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும். எத்தனை ஜீபி வரை ஏற்கும் என்பதும் அதிலேயே இருக்கும். உத்தரவாதக் காலம் முடியாத மெஷினாக இருந்தால், விற்றவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வகை. டீடீஆர் 3, டீடீஆர் 4, டீடீஆர் 5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று செருகவே முடியாது. ஒவ்வொன்றிலும் வெட்டுக் குழி வேறு இடத்தில் இருக்கும். டீடீஆர் 3 பாவிக்கும் பழைய லெப்டொப்களில் சில, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் 3எல் வகையை மாத்திரமே ஏற்கும். டெஸ்க்டொப் ரெம் நீளமானது, லெப்டொப்புக்குச் சரிவராது. இவற்றை மனனம் செய்யத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ரெம்மின் ஸ்டிக்கரைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். துணிக்கு மெச்சிங் நூல் வாங்க வெட்டுத் துண்டைக் கொண்டு போவதில்லையா, அதேதான்.

நான்காவது, மெஷினின் ஆயுள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். அதற்கு முந்திய மெஷினில் எவ்வளவு ரெம் போட்டாலும் இந்தக் குறை தீராது. அதற்குச் செலவழிக்க முன்னர் இரண்டு தரம் யோசியுங்கள்.

கையில் எடுத்தால்

முதலில் கணக்குகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். இதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம். ஷிஃப்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் மெஷின் முழுமையாக அணையும். சார்ஜரைக் கழற்றுங்கள். பெட்டரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். உள்ளே இருந்தால் மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை அதன் இணைப்பைக் கழற்றுவதுதான். பெட்டரி ஊதியிருப்பது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

மரமேசையில் வைத்து வேலை செய்யுங்கள். நைலோன், பொலியெஸ்டர் துணியின் மேல் வேண்டாம். அதில் பொறி பறப்பதைப் புடைவைக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தச் சிறு மின்சாரம் ரெம்மைக் கொன்றுவிடும். இரும்பு அலுமாரியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கழற்றும் ஆணிகளை, எங்கிருந்து எடுத்தீர்களோ அந்த ஒழுங்கில் ஒரு கடதாசியில் வையுங்கள். எல்லாம் ஒரே நீளமல்ல. பொன்னிற விளிம்பில் விரல் படாமல் ரெம்மைச் சாய்வாக முழுவதும் செருகி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கவ்விகளும் 'டக்' என்று பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சரியாகச் செருகவில்லை. பலம் பிரயோகிக்காமல் எடுத்து மீண்டும் செருகுங்கள்.

முதல் தடவை திரை வரச் சற்றுத் தாமதிக்கலாம், பயப்பட வேண்டாம். வந்த பிறகு விண்டோஸோடு வரும் மெமரி டயக்னொஸ்டிக் சோதனையை ஒரு தடவை ஓட விடுங்கள். குறிப்பாகப் பாவித்த ரெம் வாங்கியிருந்தால் இது கட்டாயம்.

தொழில் தெரிந்தவர் வேண்டாமா?

இப்படி எல்லோரும் செய்தால் பழுது பார்க்கும் எமது பிள்ளைகளின் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மதர்போர்ட் பழுதானால், சார்ஜ் ஏறாவிட்டால், திரை உடைந்தால் நான் அவர்களிடமே போகிறேன். அது கற்ற கைவேலை, அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன். ஆனால் என்ன குறை என்று தெரிந்துகொண்டு போகிறேன். கண் முன்னாலேயே செய்து தரும்படி கேட்கிறேன், கடவுச்சொல்லை நானே தட்டுகிறேன். நேர்மையான தொழிலாளி இதற்குக் கோபிப்பதில்லை. அரிசி மூடையை நிறுத்துப் பார்த்து எடுப்பதற்கு எந்த மொத்த வியாபாரி எம்மோடு கோபித்திருக்கிறார்?

காலமும் இதைத்தான் சொல்கிறது. 2022இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் இருந்த டொலர், அந்த மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தாண்டியதை நாம் அனுபவித்தோம். பிறகு 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரெம்மின் விலையே உலகம் முழுவதும் ஏறியது. உலகில் ரெம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது செம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள்தான். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணனி நிலையங்களுக்கு அவர்கள் சில்லுகளைத் திருப்பியதால் எமக்குரிய பங்கு சுருங்கியது. ரெம் விலை ஏறினால் புதிய லெப்டொப்பின் விலையும் சேர்ந்துதான் ஏறும். இருப்பதைச் சரியாகப் பாவிக்கத் தெரிந்தவனுக்கு இப்படியான காலங்களில் மூச்சுவிட இடமிருக்கும்.

வாப்பா தராசுத் தட்டை மாதம் ஒரு தடவை தன் கையாலேயே கழற்றித் துடைத்துப் பூட்டுவார் என்று பக்கத்துப் பலசரக்குக் கடை ஹாஜியாரைப் பற்றி என் சிறுவயதில் அவரது மகன் சொல்லுவான். தொழிலுக்குரிய கருவியை அந்தத் தலைமுறை அப்படி அறிந்து வைத்திருந்தது. இன்று எமது தராசும் கடன் கொப்பியும் லாச்சியும் அந்த ஒரு லெப்டொப்புக்குள்தான். இந்த வார விடுமுறையில் அதைத் திறக்க வேண்டாம். அந்த மூன்று கீகளை மாத்திரம் அழுத்தி, உள்ளே எத்தனை ஜீபி இருக்கிறது, எத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது என்று பாருங்கள். புதியது வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.