படைப்பணி முடித்த பால்புதுமை இளைஞர்களுக்கு மருத்துவப் பாதுகாப்பு கோரும் மனு

பெறுநர்: செயலாளர், முன்னாள் படைவீரர் நலத் துறை, பாதுகாப்பு அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: முப்படைகளில் பணியாற்றும், பணி முடித்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, திருநர் (பால்புதுமை) இளைஞர்களின் உடல்நல, மனநலப் பாதுகாப்பிலுள்ள குறைபாடுகளைக் களைதல் தொடர்பாக.

பின்னணி

வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. படைகளுக்குள் அத்தீர்ப்பின் பயன் இன்னும் எட்டவில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. தன்பாலீர்ப்பை ராணுவத்தில் அனுமதிக்க இயலாது என்று அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத் 2019 ஜனவரியில் அறிவித்தார். அதற்கு முன்பே, 2017 அக்டோபரில், பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாலுமி ஒருவரைக் கடற்படை பணியிலிருந்து விடுவித்திருந்தது.

பாதிப்பின் தன்மை

படை மருத்துவர் சீருடை அணிந்த அதிகாரியும் ஆவார். அவரிடம் சொல்வது மருத்துவக் கோப்பில் ஏறி, பதவி உயர்வையோ வேலையையோ பறித்துவிடும் என்ற அச்சம் இளம் வீரரின் வாயை அடைக்கிறது. மனச்சோர்வு, உறக்கமின்மை, மதுப் பழக்கம் ஆகியவற்றுக்கான உண்மைக் காரணம் மருத்துவருக்குத் தெரிவதில்லை. பால்வினை நோய்ப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் தள்ளிப்போகின்றன. பணி முடிந்ததும் சம்பளம், குடியிருப்பு, தோழமை, மருத்துவமனை ஆகிய நான்கும் ஒரே நாளில் நீங்குகின்றன. அத்துடன் வீட்டில் திருமண நெருக்கடியும் தொடங்குகிறது.

பால்புதுமையினரான முன்னாள் வீரர்களிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் இத்தகைய கணக்கெடுப்பை அரசு வெளியிட்டதில்லை.

அக்னிவீரர்களின் நிலை

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் பதினேழரை வயது முதல் இளைஞர்களை அக்னிவீரர்களாக நான்காண்டுப் பணிக்குச் சேர்க்கிறது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே. ஏனையோருக்கு ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் தகுதியும் கிடையா, 2003 முதல் நடைமுறையிலுள்ள முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்திலும் (இ.சி.எச்.எஸ்.) இடமில்லை. பணிக்காலத்தில் மறைத்து வைத்த நோய்க்கு வெளியே வந்து சிகிச்சை பெற நினைக்கும் இளைஞருக்கு இதனால் அந்தக் கதவும் மூடப்படுகிறது.

சட்ட அடிப்படை

பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றின் பேரில் பாகுபாடின்றி மனநல சிகிச்சை பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு வழங்குகிறது. திருநருக்கான மருத்துவ வசதிகளை 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அரசின் கடமையாக்கியது. பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் தடை விதித்தது. அத்தகைய சிகிச்சை அளிப்பதைத் தொழில்முறை ஒழுங்கீனமாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. கீழ்க்காணும் கோரிக்கைகளுக்கு ராணுவச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. அமைச்சகத்தின் ஆணைகளே போதும்.

கோரிக்கைகள்

1. பாலீர்ப்பு, பாலின அடையாளம் குறித்து வீரர் மருத்துவரிடம் கூறுவதை ஒழுங்கு நடவடிக்கைக்கோ பணிநீக்கத்துக்கோ பயன்படுத்தக் கூடாது என்று முப்படைகளுக்கும் ஆணையிட வேண்டும்.

2. நான்காண்டுப் பணி முடித்த அக்னிவீரர் அனைவரையும் இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சேர்க்க வேண்டும். முதற்கட்டமாக மனநல சிகிச்சையும் எச்.ஐ.வி. சிகிச்சையுமாவது வழங்கப்பட வேண்டும்.

3. புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசி மனநல ஆலோசனைப் பிரிவில், பால்புதுமையினர் நலனில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமிக்க வேண்டும். பணி முடித்தோரும் பெயர் கூறாமல் அழைக்க வழிசெய்ய வேண்டும்.

4. ‘மாற்றும்’ சிகிச்சைக்கான தடையைப் படை மருத்துவமனைகளுக்கும் இ.சி.எச்.எஸ். மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும்.

5. திருநர் அடையாளச் சான்றின் அடிப்படையில் பணி விடுவிப்பு ஆவணங்களிலும் மருத்துவ அட்டையிலும் பெயரையும் பாலினத்தையும் திருத்தித் தர வேண்டும்.

6. பாலீர்ப்பு அல்லது பாலின அடையாளம் காரணமாகப் பணிநீக்கப்பட்டோரின் மருத்துவ உரிமையை மறுஆய்வு செய்யக் குழு அமைக்க வேண்டும்.

7. பணி முடித்த இளைஞர்களின் உடல்நல, மனநல நிலை பற்றி, பெயர் வெளியிடாத கணக்கெடுப்பு நடத்தி முடிவுகளை வெளியிட வேண்டும்.

முதல் அணி அக்னிவீரர்களின் பணிக்காலம் 2026 இறுதியிலிருந்து நிறைவடைகிறது. அதற்கு முன் உரிய ஆணைகளைப் பிறப்பிக்குமாறு எங்கள் சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்