ஒரே நடிகர், நாலு ஆள்!

அன்று சிரிக்க வைத்த "நகல் மனிதன்" இன்று நடிகர்களைப் பயமுறுத்துகிறான்

ஒருவரைப் போலவே இன்னொருவர். அவரைப் போலவே மூன்றாமவர். நாலாவதாக ஓர் அசடு. நாலு பேரும் ஒரே இடத்தில்! வீட்டுக்காரிக்கு மட்டும் விஷயம் தெரியாது.

இது 1996-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் வெளிவந்த "மல்டிபிளிசிட்டி" என்ற சிரிப்புப் படத்தின் கதை. டைரக்டர் ஹெரால்டு ராமிஸ். நாலு வேடங்களிலும் நடித்தவர் மைக்கேல் கீட்டன்.

கதாநாயகன் டக், கட்டிட வேலை பார்ப்பவன். மனைவி மக்களோடு பேசக்கூட அவனுக்கு நேரம் இல்லை. ஒரு விஞ்ஞானி அவனைப் போலவே ஒரு நகல் மனிதனை உண்டாக்கிக் கொடுக்கிறார். அவன் வேலைக்குப் போகிறான். வீட்டு வேலைக்கு இன்னொரு நகல் வருகிறான். இந்த இருவரும் தங்களுக்கு உதவியாக ஒரு நகல் எடுக்கிறார்கள். நகலுக்கு நகல் அல்லவா? அச்சு மங்கிவிட்டது. நாலாவது ஆள் அசடாகப் பிறந்துவிட்டான்!

அதே 1996 ஜூலை மாதம்தான், ஸ்காட்லாந்தில் "டோலி" என்ற நகல் ஆட்டுக்குட்டி பிறந்தது. அந்தச் செய்தி 1997 பிப்ரவரியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. விஞ்ஞானிகளை முந்திக்கொண்டு சினிமாக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்!

எப்படி எடுக்கிறார்கள்?

பழைய முறை எளிது. காமிராவை அசையாமல் நிறுத்துவார்கள். லென்சில் பாதியை மூடிவிட்டு, நடிகரை ஒரு பக்கம் நடிக்க வைப்பார்கள். பிறகு பிலிமைத் திருப்பிச் சுற்றுவார்கள். மூடிய பாதியைத் திறந்து, திறந்த பாதியை மூடி, அதே நடிகரை மறு பக்கம் நடிக்க வைப்பார்கள். படத்தில் இருவர் தெரிவார்கள்.

1921-ம் ஆண்டில் பஸ்டர் கீட்டன் என்ற சிரிப்பு நடிகர் "பிளேஹவுஸ்" படத்தில் ஒரே மேடையில் ஒன்பது பேராகத் தோன்றினார். அப்போது காமிராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒன்பது தடவையும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். காமிராமேன் எல்ஜின் லெஸ்லி அதைச் சாதித்தார். (மைக்கேல் கீட்டனுக்கும் பஸ்டர் கீட்டனுக்கும் உறவு கிடையாது. பெயர்ப் பொருத்தம்தான்!)

1996-க்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. காமிரா போன வழியிலேயே, போன வேகத்திலேயே அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் நகர்த்தியது. ஆகவே நகல் மனிதர்கள் நிற்கும்போது மட்டும் அல்ல, காமிரா ஓடும்போதும் ஒன்றாகத் தோன்ற முடிந்தது.

ஆனால் நடிகரின் பாடு? முன்பு தான் பேசியதற்குத் தானே பதில் பேச வேண்டும். அரை விநாடி பிந்தினாலும் சிரிப்பு போச்சு. முகம் ஒன்று; ஆனால் ஒருவன் முரடன், ஒருவன் சாது, ஒருவன் குழந்தை. நடையிலும் குரலிலும் இந்த வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். நாலு வேடம் என்றால் நாலு பங்கு உழைப்பு.

நடிகர் இல்லாமலே நகல்

இப்போது நிலைமை மாறிவிட்டது. நடிகரைச் சுற்றிப் பல காமிராக்களை வைத்து, முகம், உடல் அளவுகளை எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துவிடலாம். பிறகு அவர் வராமலே அவர் உருவத்தை நடமாட விடலாம். ஆபத்தான காட்சிகளுக்கு இது உதவும். ஆனால் அந்த உருவம் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்வி 2023-ம் ஆண்டு ஹாலிவுட்டில் வெடித்தது. சம்பளப் பிரச்சினையோடு இதையும் சேர்த்து, நடிகர் சங்கம் ஜூலை 14-ந் தேதி வேலை நிறுத்தத்தில் இறங்கியது. "எக்ஸ்ட்ரா நடிகர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்து, அவர்கள் உருவத்தை என்றைக்கும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்" என்று சங்கம் குற்றம் சாட்டியது. பட முதலாளிகள் அதை மறுத்தார்கள். வேலை நிறுத்தம் 118 நாள் நடந்தது. நடிகரின் சம்மதம் வேண்டும், பணமும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் ஏற்பட்டது.

2024-ல் கலிபோர்னியா மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. நகலை எதற்கு உபயோகிப்பது என்று தெளிவாகச் சொல்லாமல், வக்கீலோ சங்கமோ துணைக்கு இல்லாத நடிகரிடம் எழுதி வாங்கும் உரிமை செல்லாது என்று அது கூறுகிறது.

2025-ல் "மிக்கி 17" என்ற படம் வந்தது. டைரக்டர், தென் கொரியாவின் போங் ஜூன்-ஹோ. அதில் ஒரு தொழிலாளி வேலையில் செத்தால், மறுபடி ஒரு நகல் அச்சடித்து வேலைக்கு அனுப்புகிறார்கள். பதினேழாவது ஆள் சாகாமல் திரும்பி வருகிறான். அங்கே பதினெட்டாவது ஆள் இருக்கிறான்! இதுவும் சிரிப்புப் படம்தான். ஆனால் சிரிப்புக்குள் ஒரு முள் இருக்கிறது. நகல் இருந்தால் ஆளின் உயிரும் மலிவாகிவிடுகிறது.

யாருக்கு நஷ்டம்?

பெரிய நட்சத்திரத்துக்குப் பயம் குறைவு. அவருக்கு வக்கீல் உண்டு. கூட்டத்தில் பின் வரிசையில் நிற்கும் எக்ஸ்ட்ரா நடிகருக்குத்தான் ஆபத்து. ஒரு நாள் வேலை போனால், அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். உருவம் எதற்கு, எத்தனை காலத்துக்கு, என்ன பணத்துக்கு — இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

"மல்டிபிளிசிட்டி" படத்தின் முடிவில் மூன்று நகல்களும் புளோரிடாவுக்குப் போய்ப் பீட்சாக் கடை வைத்துப் பிழைக்கிறார்கள். கம்ப்யூட்டர் நகலுக்குக் கடையும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். அசல் மனிதனுக்கு இரண்டும் வேண்டும்.