பாப்பா பொம்மை யாருக்கு?

பெண் குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைக்கும்போதே, “பாப்பா பொம்மை மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிடும் இளம் அம்மாக்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கார் வாங்கலாம், கட்டை வாங்கலாம், டாக்டர் செட் வாங்கலாம். கண்ணை மூடித் திறக்கிற, பால் புட்டியோடு வருகிற அந்தப் பொம்மை கூடாது. பாட்டிமார்களுக்கு இது மனத்தாங்கல். “நீ விளையாடாததா?” என்கிறார்கள்.

அந்த அம்மாக்களின் கோபத்தில் நியாயம் உண்டு. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அப்படிக் கை நனைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மூன்று வயதில் மடியில் ஒரு பிளாஸ்டிக் குழந்தையை வைத்து, “பால் குடு, தூங்க வை, என் சமத்து” என்று பழக்கினால், அந்த 299 நிமிடத்துக்கு இப்போதே ஆள் சேர்ப்பதாகாதா என்று கேட்கிறார்கள்.

இந்தப் பாகுபாடு நேற்று வந்ததல்ல. பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. அதன் பிறகு வழி பிரிகிறது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றிலில் சிறுமிகள் மணல்வீடு கட்டி விளையாடுகிறார்கள்; பாட்டுடைத் தலைவன் வந்து காலால் கலைக்கிறான்; சிதைக்காதே என்று அவர்கள் மன்றாடுகிறார்கள். பக்தியும் குறும்பும் கலந்த அழகான பகுதி அது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனாலும் வீடு கட்டுகிறவள் அவள், தேர் உருட்டுகிறவன் அவன் என்பது அதில் உறுதியாகிவிடுகிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், பொம்மையைத் தடை செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த மரப்பாச்சியை நினைத்துப் பாருங்கள். செம்மரத்தில் கடைந்த ஆணும் பெண்ணும். இரண்டுமே வளர்ந்த ஆட்கள், குழந்தைகள் அல்ல. நவராத்திரி முடிந்து கொலுப்படி இறங்கியதும் அவை குழந்தைகள் கைக்குப் போகும். அவர்கள் அந்த ராஜா ராணியைக் குளிப்பாட்டி, துணி சுற்றி, தூளியில் போட்டு ஆட்டினார்கள். வளர்ந்த ஆளைக் குழந்தையாக்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொம்மையே கிடைக்காவிட்டால் தலையணை போதும். விளையாட்டில் எது எதுவாக இருக்கும் என்று முடிவு செய்வது குழந்தைதான்.

என் அக்காவின் பேத்திக்கு நாலு வயது. தடுப்பூசி போட்டுவந்த மறுநாள் அவள் விளையாடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாப்பா பொம்மையைக் குப்புறப் போட்டு, ஜட்டியை இறக்கி, பென்சிலால் தொடையில் குத்தினாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான்” என்றாள், நர்ஸின் குரலில். அடுத்த நொடி பொம்மைக்காக வீறிட்டு அழுதாள். பிறகு அவள் அம்மாவின் குரலில், “அழுதா இன்னொரு ஊசி” என்று மிரட்டினாள். அதைக் கேட்டு அவள் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் பொம்மையைக் காலைப் பிடித்து இழுத்துக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இதில் தாய்மைப் பயிற்சி எங்கே இருக்கிறது? முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நாலு பேர் அவள் கைகாலைப் பிடித்தார்கள். இன்று ஊசி அவள் கையில்.

காலைப் பிடித்து எறிந்தாளே, அந்த உரிமைதான் முக்கியம். தம்பியை இடுப்பில் தூக்கிச் சுமக்கும் எட்டு வயதுப் பெண்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை நினைத்தபோது இறக்கி வைக்க முடியாது. அது விழுந்து அழுதால் அடி இவளுக்கு விழும். பெண் பிள்ளையின் பருவத்தைத் தின்பது அந்தச் சுமை. பொம்மையைப் பிடுங்குவதால் அது ஒரு பலம்கூடக் குறையாது.

நான் வாங்க மாட்டேன் என்று சொல்வது பேட்டரி போட்ட பாப்பாவை. புட்டியை வாயில் வைக்கும்வரை அது அழுதுகொண்டே இருக்கும். எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அதுதான் சொல்லும், குழந்தை கீழ்ப்படியும். பொம்மையை வைத்துப் பெரியவர்கள் பாடம் நடத்தினால் என்னாகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் சாட்சி. இளவயதுக் கர்ப்பத்தைத் தடுக்க, அழுது படுத்தும் மின்னணுப் பாப்பாக்களை 13 முதல் 15 வயது மாணவிகளிடம் கொடுத்து ஒரு வாரக்கடைசி முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 20 வயதுவரை தொடர்ந்து கவனித்ததன் முடிவு 2016-ல் லான்செட் இதழில் வந்தது. பொம்மையைப் பெற்றவர்களில் குழந்தை பெற்றவர்கள் 8 சதவீதம்; பொம்மை பெறாதவர்களில் 4 சதவீதம்.

இந்த விவாதத்தில் பையன்களை மறந்துவிடுகிறோம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொம்மையோடு விளையாடும்போது 4 முதல் 8 வயதுக் குழந்தைகளின் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பிறரைப் புரிந்துகொள்ள உதவும் பகுதி, தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும் துடிப்பாக இயங்கியது. பையன், பெண் வித்தியாசமே இல்லை. பார்பி பொம்மை நிறுவனத்தின் பண உதவியில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஆய்வு இல்லாமலே இதை அறிவோம். இரண்டு வயதுப் பையன் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பதைப் பார்க்காதவர் யார்? “என்னடா பொட்டப்புள்ள மாதிரி” என்று ஒரு தாத்தா சொல்லும்வரை அவன் அதைச் செய்கிறான். அந்த வார்த்தையோடு பொம்மை அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது. 97 நிமிடக் கணக்கு அங்கே தொடங்குகிறது என்றுதான் நான் நம்புகிறேன். அந்தத் தாத்தாக்களிடம் நான் சண்டை போடுகிறேன், போட்டுக்கொண்டே இருப்பேன்.

பொம்மைக் கடையில் முதல் கேள்வியே “பையனா, பொண்ணா?” என்பதுதான். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. வயதைச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது அதுதான். மூன்று வயதுக்குக் கீழே என்றால் துணியில் தைத்த, கண் பிய்ந்து வராத பாப்பா. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அட்டையைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அண்ணன் தங்கை இருக்கும் வீடென்றால் இரண்டாக வாங்குங்கள்.